சுருட்டை முடியும் முதுசக் காணியும்

கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கும் ஆசிரியை. என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து அப்பாவுக்கும் ஜமேக்காவில் பிறந்த கறுப்பின அம்மாவுக்கும் ரொறன்ரோவில் பிறந்த பதினான்கு வயதுப் பெண், பெற்றோரோடு முதன்முறையாக இணுவிலுக்கு, அப்பம்மாவின் வீட்டுக்கு வருகிறாள். அந்த ஆறு வாரங்கள்தான் கதை. எனக்கு அண்ணன் முறையான ஒருவரின் குடும்பத்தைப் பார்த்ததில் தோன்றியது இது. நான் கலப்பினத்தவள் அல்லள். இதை எழுத எனக்கு உரிமை உண்டா? "இன ஒடுக்குமுறைக்கு ஆளான சனத்தையே இனவாதிகளாகக் காட்டப் போகிறீரா?" என்று நண்பர்கள் கோபிக்கிறார்கள். இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் நல்லூர்த் தேரன்று அப்பம்மா அவளைக் கட்டியணைத்து "நீயும் எங்கள் இரத்தம்" என்கிறார். மற்றதில் அவள் கடலில் இறங்கி இறந்துவிடுகிறாள். எதை வைப்பது? அந்த அம்மாவின் பேச்சை எந்தத் தமிழில் எழுதுவது? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

அத்தியாயங்களை வாசித்தேன். பிரதிகளை வாசித்துத் திருத்துவது என் தொழில் என்பதால் பாராட்டைப் பின்னுக்கு வைத்துவிட்டு முடிவிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு முடிவுகளையும் எடுத்துவிடுங்கள்.

கலப்பினப் பெண்ணைத் தண்ணீரில் சாகவிடுவது மிகப் பழைய பழக்கம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கதைகளில் அவள் அழகாக இருப்பாள், படித்திருப்பாள், காதலிப்பாள், கடைசியில் செத்துப்போவாள். வில்லியம் வெல்ஸ் பிரவுன் 1853இல் லண்டனில் வெளியிட்ட 'குளோட்டல்' நாவலிலும் நாயகி பொட்டோமக் ஆற்றில் குதிக்கிறாள். பிரவுன் தாமே அடிமையாக இருந்து தப்பியவர். அவருடைய நாயகியைத் துரத்தி வருகிறவர்கள் பிடித்தால் மறுபடியும் அடிமைதான்; ஆகவே அந்தச் சாவு அவருக்கு ஒரு குற்றப்பத்திரிகை. உங்கள் பிள்ளையிடம் கனடியக் கடவுச்சீட்டும் திரும்பிப் போகும் டிக்கெட்டும் இருக்கின்றன. அவளை எவரும் துரத்தவில்லை, மாமிமார் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எவ்வளவு கொடியது என்று காட்ட ஒரு சாவு தேவைப்படுகிறது என்றால், பார்வையை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

நல்லூர் முடிவு எனக்கு இதைவிடச் சங்கடத்தைத் தந்தது. தேர், கற்பூரம், கிழவியின் கண்ணீர். வாசகர்கள் அழுவார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே நடப்பது என்ன? ஆறு வாரம் பிள்ளையைப் பரீட்சித்த வீடு கடைசியில் அவளைச் சித்தியடைய விட்டிருக்கிறது. பரீட்சை வைக்கும் அதிகாரம் அந்த வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. "எங்கள் இரத்தம்" என்று அப்பம்மா சொல்லும்போது தன் மகன் கொடுத்த பாதியைத்தான் ஏற்றுக்கொள்கிறார். மற்றப் பாதிக்குச் சொந்தக்காரி, பிள்ளையைப் பெற்றவள், உங்கள் காட்சியில் இரண்டு அடி தள்ளிக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் அதைக் கவனித்தீர்களோ தெரியாது. நான் கவனித்தேன், அவளும் கவனித்திருப்பாள்.

இனி, அந்தக் கண்ணாடிக் காட்சிகள். பிள்ளை சில பக்கங்களுக்கு ஒருமுறை கண்ணாடி முன் நின்று "நான் யார்?" என்று கேட்கிறாள். பதினான்கு வயதுப் பிள்ளைகள் கண்ணாடி முன் நிற்பது உண்மைதான், பெரும்பாலும் முகப்பருவைப் பார்ப்பதற்கு. "நீ யார்?" என்ற கேள்வி அவளுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது, கேட்கிறவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து விடையும் மாறுகிறது. வேர்ஜீனியா மாநிலத்தின் 1924ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆபிரிக்க வம்சாவளியின் சுவடு இருந்தாலே ஒருவர் வெள்ளையராகக் கொள்ளப்படமாட்டார். அங்கிருந்த கலப்புத் திருமணத் தடை 1967 ஜூன் 12இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை நின்றது. தென்னாபிரிக்காவின் 1950ஆம் ஆண்டுக் குடிசனப் பதிவுச் சட்டம் கலப்பினத்தவருக்குத் தனி வகுப்பே வைத்தது. எந்த வகுப்பு என்று ஐயம் வந்தபோது தலைமுடியில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா, நிற்கிறதா என்று பார்த்த அதிகாரிகள் இருந்தார்கள். ஜமேக்காவில் அதே பிள்ளையை மாநிறத்தவள் என்று ஒரு படி மேலே வைத்திருப்பார்கள்; தோட்டங்களில் அடிமைகளை வேலை வாங்கிய காலத்து ஏணி அது. நம் நாட்டுப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் பெற்றோரின் இனத்தை எழுத ஓர் இடம் இருந்து வந்திருக்கிறது. பிள்ளையின் இரத்தம் எங்கேயும் மாறவில்லை, எண்ணுகிறவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். எனவே இணுவில் வீடு எப்படி எண்ணுகிறது என்பதை எழுதுங்கள். கண்ணாடி முன் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

அந்த எண்ணும் முறையை நீங்கள் பிடித்துவிட்ட ஒரு பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் பிரதியில் சிறந்த பக்கமும் அதுதான். பாரிஸில் இருக்கும் மூத்த மகன் பிரெஞ்சுக்காரியை மணந்தவர். அவர்களுடைய கலியாணப் படம் சட்டமிட்டு விறாந்தையில் தொங்குகிறது. அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது அயலட்டைக்கெல்லாம் "பொம்மை மாதிரி". இளைய மகனின் படம் அலுமாரிக்குள் ஓர் அல்பத்தில். அப்பம்மாவிடம் கேட்டால் "ஆணி அடிக்க ஆள் இல்லை" என்கிறார். இரண்டு மருமக்களும் பிறத்தியார், இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளும் கலப்பு. ஒரு கலப்புக்கு மட்டும் ஆணி கிடைக்கவில்லை. அடுத்த பந்தியில் நீங்கள் நிறவெறியைப் பற்றி ஆறு வரி விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டேன்.

யாருடைய கண்ணால் கதை சொல்வது என்பதையும் மறுபடி யோசியுங்கள். நெல்லா லார்சன் 1929இல் வெளியிட்ட 'பாசிங்' நாவலில், தான் கறுப்பினத்தவள் என்பதை மறைத்து ஓர் இனவெறியனை மணந்து வாழும் கிளேர்தான் எல்லோரையும் இழுக்கிற பாத்திரம். ஆனால் அவள் மனத்துக்குள் நாவல் போவதேயில்லை. அவளுடைய பழைய தோழி ஐரீனின் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம். ஐரீனும் கறுப்பினத்தவள், ஒழுங்கான குடும்பத் தலைவி. ஐரீனின் பயமும் பொறாமையும் எப்படி வேலை செய்கின்றன என்பதே முடிவில் நம் கையில் மிஞ்சுகிறது. உங்கள் நாவல் முழுவதும் பிள்ளையின் கண்ணால் நடப்பதால் அந்த வீட்டுக்காரர்கள் தட்டையாகிவிட்டார்கள். முணுமுணுக்கிறார்கள், முகத்தைச் சுளிக்கிறார்கள், போகிறார்கள். அப்பம்மாவுக்கு மூன்று அத்தியாயங்களாவது கொடுங்கள். அவர் எதற்கு அஞ்சுகிறார், எந்த அயலவரின் வாய்க்கு அஞ்சுகிறார், தன் மகனை எங்கே இழந்ததாக நினைக்கிறார் என்பவை அவர் வாயாலேயே வரட்டும்.

உதாரணத்துக்கு அந்தத் தலைவாரும் காட்சி. கிணற்றடியில் அப்பம்மா நல்லெண்ணெய் வைத்துப் பேத்தியின் காய்ந்த சுருட்டை முடியைச் சீப்பால் இழுக்கிறார், பிள்ளை கத்துகிறாள். இதை நீங்கள் கொடுமைக் காட்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் வாசித்தபோது எனக்குத் தெரிந்தது, பேத்தியைத் தொடுவதற்கு அந்தக் கிழவிக்கு இந்த ஒரு வழிதான் தெரியும் என்பது. தன் பிள்ளைகளுக்கும் தங்கைமாருக்கும் செய்ததைத்தான் இவளுக்கும் செய்கிறார். நெருக்கமான சுருள் முடியை உலரவைத்து வாரினால் அறுந்துபோகும். நனைத்து, வழுக்கும் பூச்சு பூசி, விரலாலோ அகன்ற பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இரவில் வழுவழுப்பான துணி கட்டிப் படுக்க வேண்டும். இது தாய்க்குத் தெரியும், ஆனால் அவளிடம் எவரும் கேட்கவில்லை. அவள் குசினி வாசலில் நின்று பார்க்கிறாள். மாமியாரின் கையைப் பிடித்து நிறுத்துவதா, விடுவதா? தென்னாபிரிக்க அதிகாரியின் பென்சிலில் அன்பு இல்லை, அதை வெறுப்பது சுலபம். அப்பம்மாவின் சீப்பில் அன்பு இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நோவது அதனால் குறைவதில்லை. இந்த இரண்டும் ஒரே கையில் இருப்பதை எழுத முடிந்தால் நாவல் பாதி நின்றுவிடும்.

கோப்பைக் காட்சியையும் இதே கண்ணோடு பாருங்கள். மருமகளுக்கு நல்ல கண்ணாடிக் கோப்பையில் தேநீர் கொடுக்கிறார்கள். அவளுக்கு அது மரியாதையாகப் படுகிறது. கழுவியபின் அது பழைய தட்டுக்குப் போகாமல் தனியாகக் கவிழ்த்து வைக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. சாதித் தீண்டாமைக்கு எதிரான சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்த பிறகும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே நுழையக் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்த மண் இது. கறுப்பு நிறத்தின் மீதான வெறுப்பை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கினான் என்று உங்கள் பாத்திரம் ஒன்று சொல்கிறது. ஓரளவுக்கு உண்மை. அது வந்து இறங்கியபோது இங்கே தயாராக இருந்த தட்டுகளைப் பற்றியும் அந்தப் பாத்திரம் பேசினால் நேர்மையாக இருக்கும்.

நிறத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உங்கள் பிரதியில் ஒரே வரியில் ஒளிந்திருக்கிறது: "பேக்கரிக்காரச் சிங்களவரோடு போன பெரிய மாமி." யார் இவர்? எழுபதுகளில் யாழ்ப்பாண நகரில் சிங்களவர்கள் பேக்கரி நடத்தினார்கள். பாண் வாங்கப் போன பெண் ஒருத்தி அங்கே ஒருவரை விரும்பியிருக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எங்கே போனது, 1983இல் எங்கே இருந்தது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், அவர்களுடைய இனத்துக்கு எதிரே என்ன எழுதினார்கள்? அப்பம்மாவுக்குக் கலப்புப் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில்தான் முதலில் பிறந்தார்கள் என்று நாவல் நினைக்கிறது. இல்லை, முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பே பிறந்துவிட்டார்கள்; படலைக்கு உள்ளே வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாமியை உள்ளே கொண்டுவர ஒரு வழி சொல்கிறேன்: காணி. யாழ்ப்பாணத்தில் மனிதர் மனத்தில் இருப்பது காணி உறுதி எழுதும் நாளில் வெளியே வரும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதித்தார்கள்; அது இன்றும் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தைப் பிரித்துத்தான் பேசுகிறது. விவாக உரிமைகளையும் வழியுரிமையையும் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால் அந்தத் திருமணம் நிலைக்கும் வரை அவள் தேசவழமைக்கு உட்பட்டவள் அல்லள் என்கிறது. மறுபுறம், வெளியிலிருந்து வருபவள் தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்தால் உள்ளே வந்துவிடுகிறாள். பெண் போகிற பக்கம் சட்டமும் போகிறது. மாமியை வீடு கைவிட்டது மனத்தாங்கலால் மட்டுமா, காணிக் கணக்கு அதற்குள் எவ்வளவு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். இப்போது அப்பம்மாவுக்கு வயது போகிறது. முதுசக் காணியைப் பிரிக்க, உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டுக்கு வருகிறார். இளைய மகனின் பங்கு நாளைக்கு யாருக்குப் போகும்? "அந்தப் பிள்ளை இங்கே வந்து இருக்கவா போகிறாள், பங்கை எங்களுக்கே தந்துவிடலாமே" என்று ஒரு சித்தப்பா மிக நியாயமான குரலில் சொல்லுவார். பாரிஸ்ப் பிள்ளைகளும் வந்து இருக்கப் போவதில்லை. அவர்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லமாட்டார். இந்த ஒரு வாக்கியத்தில் நிறமும் இனமும் சாதியும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. சட்ட நுணுக்கம் இந்தக் குடும்பத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பதை மட்டும் எழுதுவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்களின் கோபத்துக்கு வருகிறேன். அதை அலட்சியம் செய்யாதீர்கள். 1956இன் மொழிச் சட்டம், 1981இல் எரிந்த நூலகம், 1983 எல்லாம் நடந்தவை. அவற்றை மறந்தாற்போல ஒரு நாவல் இங்கே எழுதப்பட்டால் அது பொய்யாக இருக்கும். ஆனால் அவர்கள் கேட்பது வேறு. பாதிக்கப்பட்டவர்கள் என்ற அடையாளம் ஒன்றே போதும், மற்றதெல்லாம் எதிரிக்கு வாய்ப்பாகிவிடும் என்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்த சனத்தில் உங்கள் அப்பம்மாவும் இருந்திருப்பார். அதற்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், 1990இல் அதே ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அதையும் அவர் பார்த்திருப்பார், அல்லது பார்க்காமல் இருந்திருப்பார். ஒன்று மற்றதற்குச் சாட்டு ஆகாது, ஈடும் ஆகாது. இரண்டும் ஒரே மனுசியின் நினைவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. கட்டுரையில் இதைச் சொன்னால் உடனே தராசைத் தூக்குவார்கள். நாவலில் அந்த மனுசி கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே இரண்டையும் நினைத்துக்கொள்ள முடியும். நண்பர்கள் கோபித்தால் கோபிக்கட்டும், பிரதி முடிந்த பிறகு வாசிக்கக் கொடுங்கள்.

எழுத உரிமை உண்டா என்று கேட்டீர்கள். அப்பம்மாவின் வீட்டை எழுத உங்களைவிட உரிமை உள்ளவர் யார்? அதை உள்ளேயிருந்து அறிந்தவர் நீங்கள். பிள்ளையை எழுதுவதற்கு உழைப்புத்தான் தேவை. முடியைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த மாதிரி உழைப்பு. உரிமை பற்றிய உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: அண்ணன் முறையானவரின் மகள். அவளுக்கு இன்று பதினான்கு வயது. இருபது வயதில் யாராவது மொழிபெயர்த்துக் காட்டாமல் விடமாட்டார்கள். அவளுக்கு உண்மையாக நடந்த அவமானம் எதுவும் பிரதியில் இருந்தால் எடுத்துவிட்டு வேறொன்றைக் கற்பனை செய்யுங்கள். பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். புத்தகம் அச்சான பிறகு சொல்வது அறிவித்தல். அனுமதி கேட்பது ஆகாது.

முதல் அத்தியாயத்தில் கனடா சொர்க்கமாக இருக்கிறது. ஸ்காபரோவில் எல்லோரும் எல்லோரோடும் சிரிக்கிறார்கள், இனவாதம் பலாலியில் விமானம் இறங்கியதும் தொடங்குகிறது. இது நடக்காது. 1946இல் நோவா ஸ்கோஷியாவில் திரையரங்கொன்றில் வெள்ளையர் பகுதியில் இருந்ததற்காக வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண்ணை இழுத்து வெளியேற்றிச் சிறையில் வைத்தார்கள். 2018இல் அவருடைய முகத்தைப் பத்து டொலர் தாளில் அச்சிட்டார்கள். உங்கள் பிள்ளையின் பணப்பையில் அந்தத் தாள் இருக்கும். அவளுக்கு இணுவிலில் கிடைப்பது புதிய அனுபவம் என்று எழுதாதீர்கள். பழகிய ஒன்று, சொந்தக்காரர்களின் முகத்தோடு வருவதுதான் அவளுக்குப் புதிது. தாயின் பக்கத்திலும் ஒரு பாட்டி இருப்பார். 1845 முதல் இந்தியக் கூலிகளை இறக்கிய தீவு ஜமேக்கா. இந்தியரைப் பற்றி அந்தப் பாட்டிக்கும் அபிப்பிராயங்கள் இருக்கும், அவை இனிமையானவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு சலுகை தரமாட்டேன்: தாயின் மூதாதையரில் ஒரு தமிழரைக் கண்டுபிடித்து அப்பம்மாவைச் சமாதானப்படுத்திவிடாதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அதற்கு அடித்தளம் போடுகிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன்.

கடைசியாக, தாயின் பேச்சு. அவள் தன் தாயோடு தொலைபேசியில் ஜமேக்கப் பேச்சில் கதைக்கும் இடத்தில் நீங்கள் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுவழக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். கறுப்பினத்தவர் வாயில் அந்தத் தமிழை வைப்பது மொழிபெயர்ப்புகளில் வழக்கமாகிவிட்டது, நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். நீங்கள் எதிர்க்க நினைக்கும் ஏணியில் அவளைக் கொண்டுபோய் ஒரு படியில் நிறுத்துவதுதான் அதன் விளைவு. அந்த உரையாடலைச் சாதாரண எழுத்துத் தமிழில், வேகமாக, பகிடியோடு எழுதுங்கள். அவள் தமிழ் பேசும்போது மட்டும் பிழை விடட்டும், அதுவும் காரணத்தோடு. கணவன் அவளை "நீர்" என்றுதான் கூப்பிட்டிருப்பார். அவரிடம் தமிழ் படித்தவள், "நீங்கள்" என்று சொல்ல வேண்டிய மாமியாரையும் "நீர்" என்பாள். அப்பம்மாவுக்கு முகம் சிவக்கும். பிள்ளை சிரிப்பை அடக்கமாட்டாமல் கிணற்றடிக்கு ஓடுவாள். ஆறு வாரத்தில் அவள் ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் சிரிக்கவேயில்லை. அவள் எதையாவது ஆசைப்படவும் வேண்டும். காரைநகர்க் கடலில் நீந்த, சைக்கிளில் தனியாகப் பருத்தித்துறை வரை போய்வர, யாரோ ஒரு பையனைப் பார்க்க, என்னவாக இருந்தாலும் சரி, இனத்தோடு சம்பந்தமில்லாத ஒன்று.

அப்பம்மாவின் மூன்று அத்தியாயங்களையும் நொத்தாரிசு வரும் காட்சியையும் எழுதி அனுப்புங்கள். உறுதியில் யார் கையெழுத்து வைக்கிறார், யார் மறுக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு முடிவைப் பற்றிப் பேசலாம். இந்தத் தடவை பக்கங்களுக்கு இலக்கம் இடுங்கள். மூன்றாம் அத்தியாயம் கலைந்து வந்து சேர்ந்தது.